லாயத்தில் கீரை ஆய்ந்த டாக்டரம்மா

முதல் நாள் அவர் எங்கள் குதிரையேற்றப் பள்ளிக்கு வந்து ஸ்கூட்டரை நிறுத்தியபோது கையில் இரண்டு கட்டு முளைக்கீரை இருந்தது. ஸ்டெதாஸ்கோப் வண்டிப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. "ஒரு நாற்காலி கிடைக்குமா? பழைய பேப்பர் இருந்தா அதுவும் குடுங்க" என்றார். குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று கூப்பிட்டனுப்பிய டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான்.

பள்ளி இருப்பது திருமழிசையில், தொழிற்பேட்டையைத் தாண்டி, கம்பெனிச் சுவரும் வயலும் மாறி மாறி வரும் சாலையில். எங்கள் பள்ளி என்று உரிமையோடு சொல்கிறேனே தவிர, அது மாஸ்டருடையது. ராணுவத்தில் குதிரைகளோடு இருந்து ஓய்வு பெற்றவர். முதுகு வளைந்து அவரை யாரும் பார்த்ததில்லை. நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், இப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் செய்து முடித்ததில் குறை கண்டுபிடிப்பதற்காகவே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வாரம் முழுக்க அந்தப் பாவத்தைச் செய்துவிட்டு, சனி ஞாயிறு காலையில் அயனம்பாக்கம் ஃபிளாட்டிலிருந்து கிளம்பி வந்து பவானி மேல் ஏறிவிடுவேன்.

பவானி, ரேஸிலிருந்து கழித்துவிடப்பட்ட பெண்குதிரை. மாஸ்டர்தான் அவளை வாங்கி வந்து, தடை தாண்டும் போட்டிகளுக்குப் பழக்கினார். இரண்டு சீசன் நானும் அவளும் சேர்ந்து ஓடினோம். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் அவள் மாறிப் போனாள். சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்கினால் காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வருவாள். தடைக்கு முன்னால் வந்து சடக்கென்று நின்றுவிடுவாள். நான் மட்டும் தடைக்கு அந்தப் பக்கம் போய் விழுவேன். இப்படி விழுந்து விழுந்து, ஆபீஸில் என் முழங்கையைப் பார்த்து வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டது.

மாஸ்டர் காலைத் தடவிப் பார்த்தார், லாடத்தை மாற்றிப் பார்த்தார், கடைசியில் "திமிரு" என்று முடித்துவிட்டார். பூந்தமல்லியில் கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு வண்டி விடுகிற ஒருவர் அவளைக் கேட்டு ஏற்கெனவே இரண்டு முறை வந்து போயிருந்தார். வெள்ளைக் குதிரைக்குத்தான் கிராக்கி என்றாலும், பவானியின் உயரம் அவருக்குப் பிடித்துவிட்டது. "மார்கழிப் போட்டியில தாண்டினா இங்க இருப்பா. இல்லன்னா அனுப்பிடறேன்" என்று மாஸ்டர் என்னிடமே சொன்னார். பட்டாசுச் சத்தத்துக்கே உடம்பு நடுங்குகிறவள் அவள். பேண்டு வாத்தியத்துக்கும் வாண வேடிக்கைக்கும் நடுவில் அவளை நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை. விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு வசதியும் இல்லை, இடமும் இல்லை. ஃபிளாட்டில் பூனை வளர்க்கவே அசோசியேஷன் அனுமதி வாங்க வேண்டும்.

அப்போது நான் நச்சரித்துத்தான் இந்த டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள். பூந்தமல்லிப் பக்கம் பெரும்பாலும் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்தாலும், குதிரை வைத்தியம் தனியாகப் படித்தவர். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், இதெல்லாம் ஒரு விஷயமா என்று எங்கிருந்தாவது போன் போட்டுத் திட்டுவார்.

நாற்காலி வந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் லேசாக வளைந்தது. அதை லாயத்துக்கு எதிரே போடாமல், பக்கவாட்டில் வேப்பமரத்தடியில், பவானிக்குப் பாதி முதுகு காட்டுகிற மாதிரி போட்டுக்கொண்டார். மடியில் பேப்பரை விரித்தார். கீரை ஆய ஆரம்பித்தார்.

குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற தனசேகர் அண்ணன் என் காதோரம் வந்து, "இன்னா பாப்பா இது? குதிரைய பாக்க வந்தாங்களா, சமைக்க வந்தாங்களா?" என்றார்.

"இருங்கண்ணா, பாப்போம்."

"நானும் அப்போலேந்து பாத்துகினுதான் கீறேன். அவங்க அந்தாண்ட தலையே திருப்பல."

மாஸ்டருக்கும் பொறுக்கவில்லை. நேராக வந்து நின்று, "டாக்டர், எப்ப பரிசோதனை ஆரம்பிக்கலாம்?" என்றார்.

"ஆரம்பிச்சாச்சு சார். நீங்க இங்க நிக்காதீங்க. நீங்க நின்னா அவ அட்டென்ஷன்ல நிக்கறா."

வாழ்க்கையில் அதுவரை மாஸ்டரை யாரும் தள்ளி நிற்கச் சொல்லி நான் பார்த்ததில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, நான் சேணத்தைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அந்த மதியம் முழுவதும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டு. இலை ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம். நடுவில் தனசேகர் அண்ணனைக் கூப்பிட்டு, வழக்கமாக எப்படித் தீனி வைப்பாரோ அப்படியே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் தரையில் உட்காரச் சொல்லி, எனக்கும் ஒரு கைப்பிடி கீரை கொடுத்தார்.

"உத்துப் பாக்காதம்மா. உத்துப் பாத்தா நாம அதுக்குப் புலி. கைவேலை பாத்துட்டு ஓரக்கண்ணால பாரு."

நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பவானி எங்களை மறந்துவிட்டாள். அப்போதுதான் எனக்குத் தெரியாத ஒரு பவானி வெளியே வந்தாள். தானியத்தில் இரண்டு வாய் வைத்தாள், நிறுத்தினாள், மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு சும்மா நின்றாள். திரும்பித் தன் விலாவையே பார்த்தாள். வைக்கோலுக்குப் போனாள், மறுபடி தானியத்துக்கு வந்து முகர்ந்துவிட்டு விலகினாள். பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் மரத்தடி வரைக்கும் கேட்டது. தனசேகர் அண்ணன் வாளியோடு அந்தப் பக்கம் வந்ததும் காது இரண்டும் நிமிர்ந்தன, கழுத்து உயர்ந்தது, ஒன்றுமே நடக்காதது மாதிரி போட்டோவுக்கு நிற்பது போல நின்றாள்.

"பாத்தியா, ஆள் வந்தா மறைக்கறா" என்றார் டாக்டரம்மா. "காட்டுல வலியக் காட்டின குதிரையத்தான் புலி முதல்ல அடிக்கும். அதனால இதுங்க யாருக்கும் காட்டாது. நாம வெள்ளைக் கோட்டு போட்டுட்டு எதிர்ல போய் நின்னா நமக்கும் காட்டாது."

குறை கண்டுபிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வாரா வாரம் அந்தக் குதிரை மேல் உட்கார்ந்திருந்தவள் நான். அவள் யாரும் இல்லாதபோது எப்படி இருப்பாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றைக்கு எனக்கு வந்தது வெட்கம்கூட இல்லை, பொறாமை. இப்படி ஒரு கண் எனக்கு இல்லையே என்கிற பொறாமை.

அதற்குப் பிறகு அவர் எங்கள் லாயத்துக்கு அடிக்கடி வந்தார். எப்போதும் ஏதாவது காய் இருக்கும். பட்டாணி சீசனில் பட்டாணி உரித்தார், அவரைக்காய் நார் எடுத்தார். ஒருமுறை பூண்டு. தலையை உதறிக்கொண்டே இருந்த ஒரு ஆண்குதிரைக்குக் கடிவாளம் பிடிக்கவில்லை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் கொத்தவரங்காய் கிள்ளி முடிப்பதற்குள், அது பாதி மென்ற புல்லை உருண்டை உருண்டையாகக் கீழே துப்புவதைப் பார்த்துவிட்டார். வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல் ஒன்று கத்தி மாதிரி வளர்ந்து கன்னத்தைக் கிழித்திருந்தது. பல்லை ராவிவிட்டதும் மறுவாரமே அது சமத்துக் குதிரையாகிவிட்டது.

தனசேகர் அண்ணனையும் அவர் விட்டுவைக்கவில்லை. "நீங்க ஏன் இவ்ளோ தடவ தண்ணிக் குழாய்க்குப் போறீங்க? ரத்தத்துல சர்க்கரை பாத்தீங்களா?" என்று ஒருநாள் கேட்டார்.

"நான் இன்னா குதிரையாம்மா, என்னிய பாத்துகினு கீறீங்க?" என்று சிரித்தார் அண்ணன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். அதற்குப் பிறகு டீயில் சர்க்கரை போடுவதை விட்டுவிட்டார். டாக்டரம்மா வரும் நாளில் மட்டும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, குழாய்ப் பக்கமே போக மாட்டார்.

கீரைத் தண்டை அவர் எந்தக் குதிரைக்கும் போட்டதில்லை. பவானி கழுத்தை நீட்டிக் கேட்டாலும், "உனக்கு இல்லடி இது" என்று பையில் போட்டுக்கொள்வார். வீட்டில் அவருடைய கணவர் தண்டை வைத்துச் சாம்பார் வைப்பாராம். சமையல் அவர் பொறுப்பு, காய் நறுக்கித் தருவது இவர் பொறுப்பு என்று ஒப்பந்தம். லாயத்தில் உட்கார்ந்து கீரை ஆயும் பழக்கம் அப்படி வந்ததுதான் என்றும், அதற்குப் பிறகுதான் குதிரைகள் தன்னைப் பொருட்படுத்தாமல் இருப்பதைக் கவனித்ததாகவும் ஒருநாள் சொன்னார்.

பவானியின் கதைக்கு வருகிறேன். முதல் நாள் கிளம்பும்போது அவர் மாஸ்டரிடம், "என்ன மருந்து குடுத்துட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

"மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்."

"ஒண்ணுமே இல்லையா?"

"பொடி மட்டும்தான். கால்வலிப் பொடி. வெல்லத்துல உருட்டிக் குடுப்போம்."

"எவ்ளோ நாளா?"

மாஸ்டர் தனசேகர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வானத்தைப் பார்த்தார். எங்கள் லாயத்தில் அந்தப் பொடியை யாரும் மருந்துக் கணக்கில் சேர்த்ததே இல்லை. ஊசி போட்டால்தான் மருந்து. பொடி என்பது வீட்டில் சுக்கு தட்டிப் போடுவது மாதிரி. கால்வலியோ என்ற சந்தேகத்தில் ஆரம்பித்தது, அவள் தடைக்கு முன்னால் நிற்க நிற்கக் கூடிக்கொண்டே போயிருந்தது.

நகரத்தில் பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்கு அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். முந்தின ராத்திரியிலிருந்தே தீனி கொடுக்காமல் வயிற்றைக் காலியாக வைத்திருந்தோம். லேசாக மயக்க ஊசி போட்டு, கேமரா வைத்த நீளமான குழாயை மூக்கு வழியாக வயிற்றுக்குள் விட்டார்கள். திரையில் வெளிறிய சுவர் தெரிந்தது, அதில் செக்கச் செவேல் என்று புண்கள், ஒன்றல்ல, நிறைய. சில இடங்களில் ரத்தம் கசிந்திருந்தது. இந்த வயிற்றோடு என்னைத் தூக்கிக்கொண்டு தடை தாண்டியிருக்கிறாள். நான் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாஸ்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

டாக்டரம்மா வழக்கமான குரலிலேயே விளக்கினார். குதிரை வயிற்றில் அமிலம் எந்நேரமும் ஊறிக்கொண்டே இருக்கும், அது நாள் பூராவும் மேய்வதற்கென்று அமைந்த உடம்பு. நாம் காலையில் ஒருவேளை, மாலையில் ஒருவேளை தானியத்தைக் கொட்டிவிட்டு, நடுவில் பட்டினி போடுகிறோம். வயிறு நிறைந்தால் ஓடாது என்று வெறும் வயிற்றில் ஓட்டுகிறோம். ஓடும்போது அமிலம் தளும்பி வயிற்றின் மேல்பக்கச் சுவரில் பட்டுப் புண்ணாகிறது. அதற்கு மேல் வலிப்பொடி, இருக்கிற புண்ணையும் ஆறவிடாது.

"அப்போ நான்தான்..." என்றார் மாஸ்டர்.

"நீங்க வலியக் குறைக்கணும்னுதான் குடுத்தீங்க சார். இனிமே குடுக்காதீங்க. அவ்ளோதான்."

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் ஒரு பிரசங்கமே செய்திருப்பார்கள். நானே தயாராகத்தான் இருந்தேன்.

பொடி நின்றது. காலையில் தீனிக்கு முன்னால் அமிலத்தைக் குறைக்கும் பசை மருந்தைப் பெரிய சிரிஞ்சில் எடுத்துக் கடைவாயில் ஏற்றினோம். தானியம் பாதியாகி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைக்கப்பட்டது. எந்நேரமும் வாய்க்கு எட்டும் தூரத்தில் புல். மேலே ஏறுவதற்கு முன் ஒரு கூடை குதிரைமசால் தழை, அது வயிற்றில் மெத்தை மாதிரி கிடந்து அமிலத்தைத் தளும்பவிடாது என்றார். ஓட்டம் கிடையாது, நடை மட்டும். "மார்கழிக்குத் தயாராவாளா?" என்று மாஸ்டர் கேட்கும்போதெல்லாம், "அவளக் கேக்கறேன்" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். இரண்டாவது முறை கேமரா விட்டுப் பார்த்தபோது புண்கள் ஆறி, தோல் மூடியிருந்தது. தானியத் தொட்டியை நக்கி நக்கிக் காலி செய்ய ஆரம்பித்தாள். தோல் மினுமினுத்தது. வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது அவள் காதை மடக்காமல் தலையைத் தளரத் தொங்கவிட்டு நின்றதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மார்கழிப் போட்டி, பெங்களூர் சாலைப் பக்கம் ஒரு மைதானத்தில். சின்னப் போட்டிதான். முதல் சுற்றில் ஒரு தடையும் விழாமல் தாண்டினோம். அவள் தாண்டினாள், நான் சும்மா மேலே உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் நிஜம். விழாமல் தாண்டியவர்களுக்கு மட்டும் இரண்டாவது சுற்று. இறங்கி அவளைத் தற்காலிகக் கொட்டகைக்கு நடத்திக்கொண்டு வந்தபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மைதானத்து வாசலில் கல்யாண வண்டிக்காரர் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, வேண்டுமென்றே நிமிர்ந்து நடந்தேன்.

டாக்டரம்மா போட்டியைப் பார்க்கவே இல்லை. கொட்டகைக்குப் பின்னால் நாற்காலி போட்டு அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவளைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது, அவர் கை நின்றிருந்ததைக் கவனித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது பவானியை அல்ல, தீனி வாளியை. வாளி விளிம்பில் எறும்புகள் சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தன.

"இங்க யாரு வெல்லம் குடுத்தா?" என்று கேட்டார்.

தனசேகர் அண்ணன் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டார்.

மாஸ்டர் வந்து நின்றார். எறும்பைப் பார்த்தார். "ஒரு சிட்டிகைப் பொடிதான் டாக்டர்" என்றார் மெதுவாக. "காலைல தொட்டுப் பாத்தேன். முன்னங்கால் கொஞ்சம் சூடா இருந்தாப்ல பட்டுது. பயந்துட்டேன்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வலி மருந்து கொடுத்த குதிரையைப் போட்டியில் ஓட்டக் கூடாது என்பது சட்டம். ஆனால் இந்தச் சின்னப் போட்டியில் ரத்தப் பரிசோதனையெல்லாம் கிடையாது, யாருக்கும் தெரியப் போவதில்லை. விலகினால் பவானி தாண்டாத கணக்கு. வாசலில் அந்த ஆள் நிற்கிறார். டாக்டரம்மா என்ன சொல்லப் போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்தேன்.

"வலி தெரியாம தாண்டினா, எங்க நிறுத்தணும்னு அவளுக்கே தெரியாது சார்" என்றார். அவ்வளவுதான். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அடுத்த கட்டை அவிழ்த்து ஆய ஆரம்பித்தார். மாஸ்டருக்குப் பாதி முதுகு காட்டியபடி.

மாஸ்டர் நின்றார். மைக்கில் இரண்டாவது சுற்றுக்குப் பெயர்களை வாசித்தார்கள், எங்கள் பெயரும் வந்தது. அவர் பவானி பக்கம் போய் முன்னங்காலைத் தொட்டுப் பார்த்தார், நெற்றியைத் தடவினார், தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். டாக்டரம்மா நிமிரவில்லை. இலை ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருந்தது. அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

மாஸ்டர் விறைப்பாகத் திரும்பி, நடுவர்கள் உட்கார்ந்திருந்த பந்தலுக்கு நடந்தார். அங்கே அவர் சொன்னது கொட்டகை வரைக்கும் கேட்டது, ராணுவக் குரல். "என் குதிரைக்கு நான் இன்னிக்குக் காலைல வலி மருந்து குடுத்தேன். ஓட்டினவங்களுக்குத் தெரியாது. முதல் சுற்றையும் சேர்த்துக் கழிச்சிடுங்க."

கோப்பை யாருக்குப் போனது என்று இன்றைக்கு எனக்கு நினைவில்லை. அந்தக் குரல் நினைவிருக்கிறது. அந்த மனிதரிடம் குதிரை ஏறக் கற்றவள் நான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இருக்கும் பெருமை, அந்தக் கோப்பையை வாங்கியிருந்தால் வந்திருக்காது. அவரை நடந்து போகவைத்த டாக்டரம்மாவிடம் கீரை ஆயக் கற்றவள் என்பதில் அதைவிடவும் பெருமை.

டாக்டரம்மா இப்போது எங்கள் பக்கம் இல்லை, கணவரோடு மகள் இருக்கும் ஊருக்கே போய்விட்டார். நாற்காலி மட்டும் வேப்பமரத்தடியில் இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகள் யாராவது இந்தக் குதிரைக்குத் திமிர் என்று சொன்னால், தனசேகர் அண்ணன் அதைக் காட்டி, "குந்து மொதல்ல" என்பார்.

அன்றைக்கு நடுவர் பந்தலிலிருந்து மாஸ்டர் நேராக வாசலுக்குப் போனார். கல்யாண வண்டிக்காரரிடம் என்னவோ சொன்னார். அந்த ஆள் தோளைக் குலுக்கிவிட்டு பைக்கை உதைத்துக் கிளம்பினார். திரும்பி வந்த மாஸ்டர் எங்கிருந்தோ இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, டாக்டரம்மா பக்கத்தில், அவரைப் போலவே கோணலாகப் போட்டு உட்கார்ந்தார். கையை நீட்டி ஒரு கொத்துக் கீரையை எடுத்துக்கொண்டார்.

"இவ எங்கயும் போகல டாக்டர்" என்றார்.

"தண்டைத் தனியா போடுங்க சார்" என்றார் டாக்டரம்மா.

அவர் போட்டார். முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. மாஸ்டரைக் கண்டாலே அட்டென்ஷனில் நிற்கிற பவானி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பின்னங்காலைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, புல்லை மென்றுகொண்டிருந்தாள்.